1974 ஆர்மன்யாக்: இப்போதே திறக்கலாமா, மகள் கல்யாணத்துக்கு வைக்கலாமா?

கேள்வி கேட்டவர் பிரான்சில், துலூஸ் நகரில் வேலை பார்ப்பவர். ஓய்வு பெற்றுப் போன பிரெஞ்சு மேலதிகாரி அவருக்கு ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார். தட்டையான, வட்ட வடிவ பாட்டில், வாயில் கருப்பு மெழுகு. லேபிளில் ‘பா-ஆர்மன்யாக் 1974’. ஆர்மன்யாக் என்பது பிரான்சின் தென்மேற்கில் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடிக்கும் பிராந்தி. கேள்வி கேட்டவர் பிறந்ததும் அதே 1974. பின்பக்க லேபிளில் கையெழுத்தில் 2011 என்றும் 44.3 சதவீதம் என்றும் இருக்கிறதாம். அவர் கேட்பது: ‘இதை எப்படிக் குடிப்பது? ஐஸ் போடலாமா? 2003இல் பிறந்த மகளின் கல்யாணம் வரை வைத்திருந்தால் இன்னும் நன்றாகுமா?’

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆகாது. ஒயின் பாட்டிலுக்குள்ளும் வளரும், பிராந்தி வளராது. மரப் பீப்பாயில் இருக்கும்வரைதான் அதற்கு வயது ஏறும். கண்ணாடிக்குள் போன அன்றே வயது நின்றுவிடும். 1974 அறுவடையை 1990இல் பாட்டிலில் அடைத்திருந்தால் அது பதினாறு வயதுச் சரக்கு. இன்றைக்குத் திறந்தாலும் பதினாறுதான், உங்கள் பேரன் திறந்தாலும் பதினாறுதான். அதனால் பழைய ஆர்மன்யாக் கைக்கு வந்தால் எல்லாரும் முன்பக்கத்தில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்ப்பார்கள். நீங்கள் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அடைத்த ஆண்டு அங்கேதான் இருக்கும். இரண்டு எண்ணும் தெரிந்தால்தான் உள்ளே இருப்பது என்ன என்று தெரியும்.

உங்களுடையது 2011. அப்படியானால் சுமார் 36 வருடம். ஒரு சின்ன ‘ஆனால்’ உண்டு. மரத்தில் போதுமான காலம் இருந்துவிட்டது, இனி இருந்தால் கசக்கும் என்று தோன்றினால் சரக்கைப் பெரிய கண்ணாடி ஜாடிகளுக்கு மாற்றி வைப்பது அங்கே வழக்கம். ‘தாம்-ழான்’ என்பார்கள், ‘ழான் அம்மாள்’ என்று சொல்லலாம். குண்டு வயிறும் குட்டைக் கழுத்துமாகப் பிரம்புக் கூடைக்குள் உட்கார்ந்திருக்கும். அதற்குள் போனாலும் வயது நின்றுவிடும். எனவே 2011இல் அடைத்தது என்பதாலேயே 36 வருடமும் மரத்தில்தான் இருந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. தயாரித்தவர் முகவரி லேபிளில் இருந்தால் ஒரு கடிதம் போட்டுக் கேளுங்கள். சின்னப் பண்ணைக்காரர்கள் பெரும்பாலும் பதில் போடுவார்கள்.

அந்த 44.3 எனக்குப் பிடித்திருக்கிறது. 40 என்று முழு எண்ணாக இருந்தால், சட்டம் கேட்கும் குறைந்தபட்ச அளவுக்குத் தண்ணீர் விளாவி இறக்கியிருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். அது குற்றமில்லை, பொறுமையாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தால் நன்றாகவே இருக்கும். 44.3 போன்ற ஒழுங்கற்ற எண் என்றால், பீப்பாயில் எப்படி இருந்ததோ அப்படியே அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆர்மன்யாக் வடிந்து வரும்போது வழக்கமாக 52 முதல் 60 சதவீதம் இருக்கும். பிறகு மரத்தின் வழியாக ஆவியாகி வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். 36 வருடத்துக்குப் பிறகு நாற்பதுகளின் நடுவில் வந்து நிற்பது பொருந்தித்தான் வருகிறது.

ஆவியாவது என்றால் சாதாரணமாக இல்லை. வழக்கமான பீப்பாய் 400 லிட்டர். வருடத்துக்கு 2 முதல் 3 சதவீதம் காற்றோடு போகும். இருபத்தைந்து வருடத்தில் கிட்டத்தட்ட பாதி காலி. இதைத் ‘தேவதைகளின் பங்கு’ என்கிறார்கள். தேவதைகள் மட்டுமல்ல, பூஞ்சையும் பங்குக்கு வரும். பழைய பிராந்திக் கிடங்குகளின் சுவரும் கூரையும் கரி பூசியது போலக் கறுத்திருப்பது, அந்த ஆவியைத் தின்று வளரும் ஒரு பூஞ்சையால்தான். வரி அதிகாரிகள் கறுத்த கூரை ஓடுகளைப் பார்த்தே உள்ளே ஒளித்து வைத்த சரக்கைக் கண்டுபிடிப்பார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். ஈரமான கிடங்கில் ஆல்கஹால் கூடுதலாக ஆவியாகி வீரியம் இறங்கும், சரக்கு உருண்டையாக மென்மையாகும். காய்ந்த கிடங்கில் தண்ணீர் முந்திக்கொண்டு போகும், வீரியம் நிற்கும், சுவையில் ஒரு விறைப்பு இருக்கும். நல்ல கிடங்குக்காரர் பீப்பாயை ஈர மூலையிலிருந்து காய்ந்த மூலைக்கும், அங்கிருந்து இங்கும் மாற்றிக்கொண்டே இருப்பார்.

சரி, பிரான்சின் இன்னொரு பேர்பெற்ற பிராந்தியான கோன்யாக்குக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கேள்வியில் ‘கோன்யாக் மாதிரிதானே’ என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தவை, அவ்வளவுதான் ஒற்றுமை. கோன்யாக் போர்தோ நகருக்கு வடக்கே; ஆர்மன்யாக் தெற்கே, காஸ்கோனி வட்டாரத்தில். ஜெர்ஸ் மாவட்டமும், லாந்து, லோ-எ-கரோன் மாவட்டங்களின் பகுதிகளும் சேர்ந்தது. எல்லைகளை 1909இல் வரையறுத்தார்கள், 1936இல் புவிசார் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. உள்ளே மூன்று பிரிவுகள்: மேற்கே மணற்பாங்கான பா-ஆர்மன்யாக், நடுவே களிமண்ணும் சுண்ணாம்புமான தெனாரேஸ், கிழக்கே இப்போது மிகக் கொஞ்சமே விளையும் ஓ-ஆர்மன்யாக். ‘பா’ என்றால் ‘கீழ்’. தரம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள், நிலமட்டம் தாழ்வு என்பதால் வந்த பெயர். நீண்ட காலம் வைக்கிற சரக்குக்கு அங்கே பெயர் பெற்றது பா-ஆர்மன்யாக்தான். (தெனாரேஸின் முக்கிய ஊரின் பெயர் கோந்தோம் (Condom). ஆங்கிலத்தில் அதே எழுத்துக்கள் வேறொன்றைக் குறிப்பதால் ஊர்ப் பலகை பக்கத்தில் நின்று படம் எடுக்கும் சுற்றுலாக்காரர்களை அங்கே எப்போதும் பார்க்கலாம்.)

உண்மையான வித்தியாசம் வடிகலனில் இருக்கிறது. கோன்யாக்கைச் செம்புப் பானையில் இரண்டு முறை வடிக்கிறார்கள், எழுபது சதவீதத்தைத் தொடுகிற அளவுக்குச் சுத்தமாக. ஆர்மன்யாக்கில் பெரும்பாலும் ஒரே முறை. செம்புத் தூண் ஒன்று, அதற்குள் தட்டுத் தட்டாக அடுக்கு. ஒயின் மேலிருந்து ஒவ்வொரு தட்டாக இறங்கும். கீழே தீயிலிருந்து ஆவி ஒயினுக்குள்ளேயே குமிழியிட்டு ஏறும். ஏறும்போது அந்த ஒயினின் மணத்தையும் கனத்தையும் வாரிக்கொண்டு போகும். குறைந்த வீரியத்தில் வெளியே வருவதால் ‘அழுக்கு’ கூடுதல். வேதியியலில் அது அழுக்குதான், ஆனால் முப்பது வருடம் கழித்து நமக்கு மணமாக வருவதும் அதுதான். அதனால்தான் இளம் ஆர்மன்யாக் முரடாக இருக்கும், கோன்யாக்குக்கு முன்னால் கிராமத்தான் போலத் தெரியும். வயதானபின் கதையே வேறு. என்னைக் கேட்டால், முப்பது வயதுக்கு மேல் கோன்யாக்கைவிட ஆர்மன்யாக்கே பேசக்கூடிய சரக்கு. கோன்யாக் பிரியர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும்.

ஒருமுறை நவம்பரில் ஒரு பண்ணையில் வடிப்பதைப் பார்த்தேன். சக்கரம் வைத்த வடிகலன், டிராக்டர் இழுத்து வந்தது. சொந்த வடிகலன் இல்லாத பண்ணைகளுக்கு இப்படி வீடு வீடாக வருவார்கள். தீ அணையக் கூடாது என்பதால் இரவு பகலாக விறகு தள்ள வேண்டும். கொட்டகையில் வாத்து வறுவலும் ரொட்டியுமாகச் சாப்பாடு. குழாயிலிருந்து பென்சில் தடிமனில் தண்ணீர் போல நிறமே இல்லாமல் வடிந்துகொண்டிருந்தது. வடிப்பவர் என் உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டு, இரு கையையும் தேய்த்து முகரச் சொன்னார். ஆல்கஹால் பறந்த பிறகு பேரிக்காயும் வெண்ணெயும் கலந்தாற்போல ஒரு வாசம். அந்த வெள்ளைத் தண்ணீர்தான் உங்கள் பாட்டிலில் இருப்பதன் குழந்தைப் பருவம். நிறம் முழுக்கப் பிறகு ஓக் மரம் கொடுத்தது. முதலில் கொஞ்ச காலம் புதுப் பீப்பாயில், பிறகு மரம் அதிகம் ஏறிவிடாமல் இருக்கப் பழைய பீப்பாய்களில்.

உங்கள் ஆண்டுக்கே உரிய இன்னொரு விஷயம் உண்டு. 1974இல் பா-ஆர்மன்யாக்கில் பரவலாக இருந்த கொடி பாக்கோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பேன் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அதுவரை இங்கே ராணியாக இருந்த ஃபோல் பிளான்ஷ் என்ற கொடியை, பேன் தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டினால் பழங்கள் நெருக்கமாகக் காய்த்து அழுகத் தொடங்கின. அப்போது லாந்து மாவட்டத்தில் பள்ளிக்கூட ஆசிரியராக இருந்த பிரான்சுவா பாக்கோ, ஃபோல் பிளான்ஷை ஓர் அமெரிக்கக் கலப்புக் கொடியோடு சேர்த்து 1898இல் இந்த ரகத்தை உருவாக்கினார். கலப்பினக் கொடி என்று அதிகாரிகளுக்கு அதன்மேல் எப்போதும் ஒரு முகச்சுளிப்பு. ஒயினாகக் குடித்தால் ஒன்றும் சிறப்பில்லை. ஆனால் மணல் நிலத்தில் விளைந்து, வடித்து, முப்பது வருடம் மரத்தில் கிடந்தால் உலர்ந்த பிளம் பழமும் ஈர மண்ணுமாக ஒரு கனம் வரும். அதை வேறு ரகத்தில் நான் கண்டதில்லை. இப்போது அங்கே உஞி பிளான் என்ற திராட்சை ரகம் முந்திவிட்டது.

இப்போது திறப்பதற்கு வருவோம். இங்கேதான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள், நானும் கெடுத்திருக்கிறேன். முதல் முதலாக ஓர் ஏலத்தில் ஒரு பழைய பாட்டில் வாங்கினேன். விற்றவர் அதை வருடக்கணக்காக ஒயின் போலப் படுக்க வைத்திருந்திருக்கிறார். ஒயினைப் படுக்க வைப்பது கார்க் காயாமல் இருக்க. பிராந்தியைப் படுக்க வைத்தால் ஆல்கஹால் கார்க்கை அரித்துவிடும். திருகாணியை இறக்கியதும் கார்க் ரவையாக உதிர்ந்தது, பாதி உள்ளே விழுந்தது. வடிகட்டிக் குடித்தேன்; ஈரக் கோணிச்சாக்கு வாசம். கொடுத்த காசுக்கு வயிறு எரிந்தது. ஆகவே பாட்டில் எப்போதும் நின்றபடி, வெளிச்சம் படாத அலமாரியில். இன்றைக்குப் படுத்திருந்தால் இன்றைக்கே எழுப்பி நிறுத்துங்கள்.

மெழுகைச் சுத்தியலால் தட்டாதீர்கள். வாயின் விளிம்பைச் சுற்றிச் சிறு கத்தியால் கீறி, மேல்வட்டத்தை மட்டும் எடுங்கள். தூளை ஈரத் துணியால் துடைத்த பிறகே கார்க்கைத் தொட வேண்டும். மேலே மரக் குமிழ் வைத்த கார்க்காக இருந்தால் இழுக்காமல் மெல்லத் திருகுங்கள். முழுக் கார்க்காக இருந்தால் இரண்டு தகடு வைத்த திறப்பான் நல்லது. பக்கவாட்டில் தகட்டை நுழைத்துத் திருகியபடி இழுப்பது. அப்படியும் உடைந்தால் பதற வேண்டாம், காபி வடிகட்டும் தாள் போதும். அந்த இழவு பிடித்த சாக்கு வாசம் மட்டும் இல்லாவிட்டால் சரக்குக்கு ஒன்றும் ஆகாது.

கிளாஸ்: சினிமாவில் பணக்கார அப்பாக்கள் கையில் உருட்டும் பெரிய பலூன் கிளாஸ் வேண்டாம். அதில் ஆல்கஹால்தான் முதலில் மூக்கில் அறையும். வாய் குறுகிய, துலிப் பூ வடிவச் சின்ன கிளாஸ் போதும். மெழுகுவத்தியில் சூடு காட்டுவது வேண்டவே வேண்டாம். ஐஸும் வேண்டாம், சோடாவும் வேண்டாம். நம் ஊரில் பிராந்தி என்ற பெயரில் கிடைப்பது பெரும்பாலும் கரும்புக் கழிவுப்பாகில் எடுத்த ஸ்பிரிட்டுக்கு மணமும் நிறமும் சேர்த்தது. அதை ராவாக அடித்தவர்களுக்குப் பிராந்தி என்றாலே தொண்டை எரிச்சல்தான் நினைவுக்கு வரும், மிக்ஸிங் இல்லாமல் முடியாது என்று தோன்றும். அந்த நினைவை ஓரமாக வைத்துவிட்டு உட்காருங்கள்.

ஊற்றுவது ஒரு பெக்குக்கும் குறைவாகவே போதும், 20 மில்லி. ஊற்றிவிட்டு விட்டுவிடுங்கள். பீப்பாயில் இருந்த ஒவ்வொரு வருடத்துக்கும் கிளாஸில் ஒரு நிமிடம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு; அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை, ஆனால் இருபது நிமிடமாவது நிற்கட்டும். சாப்பாடு முடிந்து, காபியும் முடிந்து, யாரும் எங்கும் கிளம்ப வேண்டியதில்லாத நேரமாக இருக்கட்டும்.

கிளாஸுக்குள் மூக்கை விடாதீர்கள். முதலில் தாடைக்கு நேராகப் பிடித்தாலே போதும், வாசம் தானாக ஏறி வரும். முதலில் வருவது பழம்: உலர்ந்த பிளம், அத்தி, கிஸ்மிஸ். கொஞ்சம் பொறுத்தால் மரம்: பழைய தேக்கு பீரோவைத் திறந்தாற்போல, அப்புறம் புகையிலை, தோல், கருப்பட்டி. அதற்கும் பிறகு, வயதான சரக்கில் மட்டும், ரான்சியோ என்று ஒன்று வரும். மழைக்குப் பிறகு காட்டில் காளான் முளைத்த இடம், பழைய அக்ரூட் பருப்பு, உருக்கி நாளான நெய், இது மூன்றும் கலந்த ஒரு வாசம். கேட்க நன்றாக இல்லை, தெரியும். பல வருடம் மரத்தில் காற்றோடு கிடந்ததில் கொழுப்பு அமிலங்கள் மாறி உண்டாவது அது. பழைய பிராந்தி பிரியர்கள் காசு கொடுப்பதே இதற்குத்தான். கேரமலும் மரச் சாறும் சேர்த்து இளம் சரக்கை வயதானதாகக் காட்ட ஓரளவுக்கு முடியும், ஆனால் ரான்சியோவை அப்படி எளிதில் ஏமாற்றி வரவழைக்க முடியாது.

முதல் மிடறு என்பது மிடறே இல்லை, உதட்டையும் நாக்கையும் நனைத்தால் போதும். வாய் 44 சதவீதத்துக்குப் பழக வேண்டும். இரண்டாவது மிடறுதான் நிஜமானது. நாக்கில் பரவவிட்டு விழுங்குங்கள், விழுங்கியபின் வாயை மூடி மூக்கால் மூச்சு விடுங்கள். நல்ல சரக்கு பத்து நிமிடம் கழித்தும் வாயில் இருக்கும். நாக்கின் ஓரத்தில் கட்டன் டீ போலத் துவர்ப்பும் கசப்பும் மட்டும் மிஞ்சினால், மரத்தில் அளவுக்கு மீறிக் கிடந்துவிட்டது என்று பொருள். 36 வருடத்தில் அந்த ஆபத்து உண்டு. அப்படி இருந்தால் ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், சில சமயம் இறுக்கம் தளரும். தொட்டுக்கொள்ள வேண்டுமென்றால் இனிப்புக் குறைந்த கருப்பு சாக்லேட் ஒரு துண்டு. மிக்சரும் சிக்கன் அறுபத்தைந்தும் இதற்கு ஆகாது.

ஆர்மன்யாக்கின் முக்கிய ஊர்களில் ஒன்றான எயோஸில் மடத்தலைவராக இருந்து பிறகு கார்டினலான விதால் து ஃபூர் 1310 வாக்கில் இந்த ‘எரியும் தண்ணீரின்’ நாற்பது நற்பண்புகளைப் பட்டியல் போட்டாராம். நினைவாற்றல் கூடும், கூச்சக்காரனின் நாக்கு அவிழும் என்றெல்லாம் போகிறது. நாற்பதில் நாக்கு அவிழும் என்ற ஒன்றுக்கு மட்டும் நான் சாட்சி. நீங்கள் குடிக்காதவராக இருந்தால் இந்த பாட்டிலுக்காகத் தொடங்க வேண்டாம், முகர்ந்துவிட்டு யாருக்காவது ஊற்றினாலே பாதி அனுபவம் கிடைத்துவிடும்.

கிளாஸைக் கழுவாமல் வையுங்கள். இது முக்கியம். மறுநாள் காலையில் காய்ந்த கிளாஸை முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் எல்லாம் போய், தேனும் புகையிலையும் வெனிலாவுமாக அடியில் ஒட்டியிருக்கும். காஸ்கோனிக்காரர்கள் சரக்கை எடைபோடுவதே இந்தக் காலி கிளாஸை வைத்துத்தான் என்று அந்த வடிப்பவர் சொன்னார். மட்டமான சரக்கென்றால் காலையில் ஒன்றும் இருக்காது, அல்லது புளித்த வாசம் இருக்கும்.

திறந்தபின் அவசரம் இல்லை. நன்றாக மூடி நிறுத்தி வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனதும் சின்ன பாட்டிலுக்கு மாற்றுங்கள், காலி இடத்தில் இருக்கும் காற்றுதான் எதிரி. முதல் வாரத்தைவிட ஒரு மாதம் கழித்து நன்றாக இருப்பதும் உண்டு, எனக்கு அப்படி இரண்டு பாட்டில் வாய்த்தது.

மகள் கல்யாணத்துக்கு என்ன செய்வது? பெரிய கோன்யாக் நிறுவனங்கள் பல ஆண்டுச் சரக்கைக் கலந்து எப்போதும் ஒரே சுவையாக விற்பவை. ஒற்றை ஆண்டு கோன்யாக் அரிது. ஆர்மன்யாக் சிறு விவசாயிகளின் சரக்கு. நல்ல வருடத்துப் பீப்பாயைக் கிடங்கில் தனியாக விட்டுவைத்து, பணமுடை வரும்போது விற்பார்கள். அதனால் பிறந்த ஆண்டு பாட்டில் என்று தேடிப் போனால் இங்கேதான் நியாயமான விலைக்குக் கிடைக்கும். ஒற்றை ஆண்டாக விற்க மரத்தில் குறைந்தது பத்து வருடம் இருக்க வேண்டும் என்பது சட்டம். மகள் 2003 என்றீர்கள், ஐரோப்பா வெயிலில் வெந்த வருடம். அந்த அறுவடை இன்னும் பல கிடங்குகளில் பீப்பாயிலேயே இருக்கும், ஆர்டர் வந்தபின் மட்டும் அடைத்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். துலூஸிலிருந்து எயோஸுக்குக் காரில் இரண்டு மணி நேரம்தான். ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்து, பிடித்த பீப்பாயைச் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். கல்யாணத் தேதி குறித்த பிறகு அடைக்கச் சொல்லலாம், அதுவரை அதற்கு வயது ஏறிக்கொண்டிருக்கும். 1974ஐ இந்த வாரமே திறந்துவிடுங்கள்.